செத்தவனுக்கு நரைத்த தலை

ஆம்ப்ரோஸ் கட்டிய ஒவ்வொரு பாலத்தின் திறப்பு விழாவிலும் கூட்டத்துக்கு நடுவே ஒரு முகம் தெரியும். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் நடந்த ரக்பி ஆட்டத்தில் அவன் மோதி வீழ்த்திய சைலஸின் முகம்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்து வந்தவர் அப்பாதான். "பையன் போயிட்டான்டா. இனி அந்த ஊர்ப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே."

நாடே கொண்டாடிய ஆட்டக்காரன் ஆம்ப்ரோஸ் பிறகு பந்தைத் தொடவில்லை. அப்பாவைப் போலவே பொறியாளனாகி ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டான். தனக்கு எதற்கு மனைவி, மக்கள் என்று தனியாகவே இருந்தான்.

இருபது வருடம் கழித்து ஹாலிஃபாக்ஸ் பக்கமே ஒரு ரயில் பாலம் கட்ட நேர்ந்தது. திறப்பன்று முதல் ரயில் கடந்ததும் ஊரே ஆரவாரித்தது. அந்த முகமும் வந்தது. வழக்கம்போல் ஆம்ப்ரோஸ் கண்களை மூடிக்கொண்டான். திறந்தபோதும் அது போகவில்லை. தலை நரைத்திருந்தது. தோளில் ஒரு குழந்தை.

செத்தவனுக்கு வயதாகுமா?

"என்னைத் தெரியலையா? சைலஸ். மூச்சுப்பேச்சில்லாம கிடத்தினீங்களே. அடுத்த வருஷம் திருப்பிக் குடுக்கலாம்னு காத்துக்கிட்டிருந்தேன், நீங்க வரவேயில்ல." சிரித்தபடி கையை நீட்டினான்.

ஆம்ப்ரோஸ் அந்தக் கையைப் பிடித்தான். சூடாக இருந்தது.

மேடையில் அமர்ந்திருந்த அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்ப்ரோஸ் அவர் எதிரே போய் நின்றான். கூட்டத்தில் நின்ற சைலஸைச் சுட்டிக்காட்டினான்.

"அப்ப எத்தனை சொல்லியும் நீ ஆட்டத்தை விடலையேப்பா," என்றார் கிழவர். பிறகு பாலத்தைக் கைகாட்டினார். "இப்ப பாரு, எவ்வளவு நல்லா வந்திருக்கே."