ஈரம் உறிஞ்சும் பொட்டலம்

ஒரு கார்டு வளைந்திருந்தது.

அவர் ஆல்பத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிள்ளைகள் சேர்த்து வைக்கிற விளையாட்டுக் கார்டுகள். மேல் வரிசையில், தங்க மினுக்குப் போட்ட டிராகன். ஓரம் முன்னால் வளைந்து பிளாஸ்டிக் உறையை முட்டிக்கொண்டு நின்றது.

மினுங்குகிற கார்டுகள்தான் முதலில் வளையும் என்று மகள் ஜெர்லின் சொல்லியிருந்தாள்.

வெளியே ஐப்பசி மழை.

இந்த ஊருக்கு மழைக்காலம் இரண்டு. ஆனியிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும். ஆனி மழையில்தான் ஜெர்லினை அடக்கம் செய்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. அவள் விட்டுப்போன சொத்து என்று சொல்ல இந்த ஆல்பங்கள்தான்.

படுக்கையில் கிடந்தபடியே அத்தனை சட்டமும் போட்டவள். ஆல்பத்தைப் படுக்கப் போடக் கூடாது, புத்தகம் போல நிறுத்த வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் கார்டில் தடம் விழும். சாரல் அடிக்கும் சுவரோரம் ஆகாது. அந்துருண்டை போடவே கூடாது. கையைக் கழுவித் துடைக்காமல் எவரும் தொடக் கூடாது. ரேஷன் கார்டைக்கூட அந்த வீட்டில் யாரும் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

அவளுடைய மாத்திரை டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் கிடக்கும். புது டப்பா திறக்கும்போதெல்லாம் மாத்திரைக்கு முன்னால் அதற்குத்தான் கை நீட்டுவாள்.

"அப்பா, அதைக் களஞ்சிராதீங்க. எனக்கு வேணும்."

மாத்திரை அவளுக்கு. பொட்டலம் ஆல்பம் வைக்கும் பெட்டிக்கு. நோயால் ஒரு லாபமாவது இருக்கட்டுமே என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு அப்போது அவருக்குப் பிடிக்காது.

பழைய பொட்டலங்கள் எல்லாம் ஈரம் குடித்து ஓய்ந்துவிட்டன. போன வாரம் தோசைக்கல்லில் போட்டு உலர்த்திப் பார்த்தார். உறை கருகி, உள்ளே இருந்த குருணை அடுப்படி முழுக்கத் தெறித்தது. மனைவி ரெஜினா பெருக்கினாள்.

மச்சினன், செருப்புக்கடையில் இது சும்மாவே கிடைக்கும் என்று ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். போட்ட கையோடு எடுத்துவிட்டார். செருப்போடு கிடந்ததை அவள் பொருளோடு வைக்க மனம் வரவில்லை.

இப்போது டிராகன் வளைந்துவிட்டது.

இனி அது நிமிராது. மீதியையாவது விடக் கூடாது.

குடையை எடுத்தார்.

நாகர்கோவிலில், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் அவரை நன்றாகத் தெரியும். அந்த மாத்திரையைச் சொல்லிவைத்தால் வெளியூரிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். அவரைக் கண்டதும் கடைக்காரர் அலமாரிக்கு அடியில் குனிந்தார்.

"நீங்க சொல்லிட்டுப் போனது அப்பமே வந்து கெடக்கு. பிள்ளைக்கு இப்பம் எப்பிடி இருக்கு?"

"பரவால்ல."

பொய்தான். சொல்லும்போது நெஞ்சுக்கு இதமாக இருந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு கடைப்படி இறங்குவதற்குள் அந்த இதமும் போய்விட்டது. பஸ் நிறுத்தம் வரை குடையை விரிக்காமலே நடந்தார்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டவில்லை. கையை மட்டும் கழுவித் துடைத்தார்.

ஜெர்லின் கட்டிலில் உட்கார்ந்து டப்பாவை எடுத்தார். அமுக்கித் திருகினால்தான் திறக்கும் மூடி. டக்கென்றது. பஞ்சை எடுத்தார். பொட்டலம் அடியில் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. குலுக்கினார். மாத்திரைகள் கலகலத்தன.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

பொட்டலத்தை ஆல்பங்களுக்குப் பின்னால் செருகினார். பெட்டியை மூடி அழுத்தினார். எல்லாம் நிமிர்ந்து நிற்கிறதா என்று ஒருமுறை சாய்ந்து பார்த்துக்கொண்டார்.

திரும்பியபோது ரெஜினா அறை வாசலில் நின்றாள்.

கையில் வெந்நீர் தம்ளர்.

மூடிச் சத்தம் கேட்டால் வெந்நீரோடு வருவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. வந்த பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். தம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

அவர் எழுந்துபோய் அதை வாங்கினார். அவள் விரல் லேசில் விடவில்லை.

நின்றபடியே குடித்தார்.

ஜெர்லின் குடிக்கிற பதத்துக்கு ஆற்றிக் கொண்டுவந்திருந்தாள்.