அசையாமல் நின்ற அலை

பாப்பாவின் துணியை அலசிக்கொண்டிருக்கிறேன். வாளியில் நுரையைப் பார்த்ததும் இந்தக் கதை வந்தது.

போன வருசம் கடற்கரையில் ஒரு கேமராக்காரர் எடுத்த படத்தில் ஓர் அலை துளித்துளியாக அழகாக விழுந்திருந்தது. இந்த வருசமும் கேமராக்காரர் வந்தார். லென்சுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, கேமராவை ரொம்ப நேரம் திறந்தே வைத்து ஒரே ஒரு படம் எடுத்தார். இப்போது அதுதான் புதுப் பாணியாம். அலை விழுந்து விழுந்து குதித்தது. எட்டிப் பார்த்தால், படத்தில் பாறை மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அசைந்துகொண்டே இருந்த அலையின் இடத்தில் வெறும் புகை.

"அண்ணே, அத்தனை குதி குதிச்சேனே, என் முகத்தையே காணோமே!"

"போன வருசப் படத்துல என்னை மறைச்சுட்டுத்தானே நின்னே?" என்று பாறை சிரித்தது. "அழாத தங்கச்சி. இந்தத் தடவை அசையாம நில்லு, முகம் விழுந்துடும்."

கேமராக்காரர் மறுபடி பொத்தானை அழுத்தினார். அலை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பாறை இடுக்கில் காய்ந்து கிடந்த குட்டி நண்டு, "அம்மா, தண்ணி" என்றது.

"ஓடாத! படம் கெட்டுடும்!" என்றது பாறை.

"கெட்டா கெடட்டும் அண்ணே," என்று அலை ஓடியது. நண்டை அப்படியே நனைத்து... இதோ, உள்ளே பாப்பா எழுந்துவிட்டாள், நான் போய் அவளை...