கன்னத்தில் ஒன்று

“இடது கன்னமா, வலது கன்னமா?” என்று கேட்டாள் ஓஃபீலியா.

“இடதும்மா. கேமரா எல்லாம் அந்தப் பக்கம்தான் நிக்குது” என்றான் ஹாங்க் டில்மர். “நல்லா ஓங்கி விடுங்க. அவன் திருப்பிக் கை நீட்ட மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு.”

லாஸ் வேகாஸ் ஹோட்டல் மேடைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். குத்துச்சண்டைகளை நடத்தி டிவிக்கு விற்கும் ஹாங்க், ஓஃபீலியா, அவள் தங்கை சாயோ. திரைக்கு அந்தப் பக்கம், அடுத்த சண்டைக்கான விளம்பரக் கூட்டத்தில், பத்திரிகைக்காரர்கள் டெஸ்மண்ட் ரக்கரைச் சுற்றிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓஃபீலியாவின் ஒரே மகன் நாண்டோவைக் கொன்றவன் இந்த ரக்கர். சுற்று முடிந்து மணி அடித்த பிறகு, தன் மூலைக்குத் திரும்பி நடந்தவனின் பின்னந்தலையில் குத்தினான். விழுந்த நாண்டோ எழுந்திருக்கவே இல்லை. ரக்கரைச் சில மாதம் தள்ளி வைத்ததோடு பெரிய மனிதர்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம்தான் அந்தப் பாவிக்கு வாழ்வு வந்தது. நாண்டோவின் படம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு மேடையேறி, “அடுத்தது யாருடா?” என்று இளிப்பான். ஊரே காறித் துப்பியது. துப்பியவர்கள் அத்தனை பேரும் எழுபது டாலர் கட்டி, வீட்டு டிவியில் அவன் சண்டையைப் பார்த்தார்கள்.

“இவன் மூஞ்சியைப் பாக்க எவன்தான் காசு கட்டுறானோ!” சாயோவுக்கு ஆறவில்லை.

ஹாங்க் சிரித்தான். “எவனாவது அந்த மூஞ்சியைப் பேத்துட மாட்டானான்னு பாக்கத்தாம்மா கட்டுறாங்க. இந்தத் தடவை எதிராளி பேரு யாருக்குமே தெரியாது. அவனுக்காகப் பத்து வீடு கூட கட்டாது. போன சண்டைக்குப் பத்து லட்சம் வீடு. அக்கா இன்னிக்கு ஒண்ணு வச்சாங்கன்னா பதினஞ்சு லட்சம்!”

“அதுல அவனுக்கு எவ்வளவு?” என்றாள் ஓஃபீலியா.

“சம்பளமே வேணாம், டிவி வசூல்ல பாதி குடுன்னுட்டான். ஆசை யாரை விட்டுச்சு? அரங்கத்து வாடகை, எதிராளி சம்பளம் எல்லாத்துக்கும் தன் வீட்டையும் பயிற்சிக் கூடத்தையும் அடமானம் வச்சிருக்கான். ஜனங்க கோபத்து மேல அவ்வளவு நம்பிக்கை.”

ஓஃபீலியா தலையாட்டிக்கொண்டாள். விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றிச் சாயோவிடம் கொடுத்தாள்.

“மோதிரம் இருக்கட்டும்மா” என்றான் ஹாங்க். “கீறல் விழுந்தா படம் இன்னும் எடுப்பா வரும்.”

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “எனக்கும் சேத்துக் குடுக்கா” என்று சாயோ பல்லைக் கடித்தாள்.

திரை விலகியது. நாண்டோவின் முகம் ரக்கரின் மார்பில் சிரித்துக்கொண்டிருந்தது. ஓஃபீலியாவைப் பார்த்ததும் அவன் கன்னத்தைக் காட்டிக்கொண்டு குனிந்தான்.

“வா கெழவி, வா! உன் புள்ளைக்குத்தான் அடிக்கத் தெரியலை. உனக்காவது தெரியுதான்னு பாப்போம்!”

கூட்டத்தில் ஒருவன் ரக்கரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். ஓஃபீலியா கையை ஓங்கினாள். கேமராக்கள் படபடவென்று மின்னின.

ஓங்கிய கை அவன் கழுத்தைச் சுற்றி வளைத்து, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டது.

“உன்னை மன்னிச்சுட்டேன் மகனே” என்றாள், மைக்கில் கேட்கும்படி. “வெளியிலதான் இந்த வேஷம். உள்ள நீ அழுவுறது எனக்குத் தெரியும். இனிமே உனக்கும் நான்தான் அம்மா.”

ரக்கரின் இளிப்பு போன இடம் தெரியவில்லை. அந்தத் தடியன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதான். அது நடிப்பில்லை. அவனை அப்படிக் கட்டிப்பிடித்தவர்கள் அதுவரை யாருமே இல்லை போலிருக்கிறது.

ஹாங்க் மட்டும் ஒரு மூலையில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலை எந்த டிவியைத் திருப்பினாலும் அந்த அழுகைதான். தங்கள் ஊரான ஆக்ஸ்நார்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சாயோ அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தாள்.

“நாண்டோவை நீதானே பெத்தே? இல்ல, தவிட்டுக்கு வாங்கினியா?”

ஓஃபீலியா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

சண்டை முடிந்த மறுநாள் காலை ஹாங்க் போனில் கத்திய கத்தல் அடுப்பங்கரை வரைக்கும் கேட்டது.

“வெறும் முப்பதாயிரம் வீடும்மா! ‘பாவம், திருந்தின பையன், அவன் அடிவாங்குறதை எதுக்குப் பாக்கணும்’னு ஒரு பய காசு கட்டலை. அவன் வீடு போச்சு, கூடம் போச்சு. இனிமே அவனை வச்சு எவனும் சண்டை நடத்த மாட்டான். ஒரே ஒரு அறை! அதைக் குடுக்க உங்களுக்கு என்னம்மா வந்துச்சு?”

ஓஃபீலியா போனை வைத்துவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டாள்.

சாயோவுக்கு மனசு கொஞ்சம் இளகியிருந்தது. “நீ பெரிய மனசு பண்ணி மன்னிச்சே. அதுவே அவன் குடியைக் கெடுத்துடுச்சு பாருக்கா.”

ஓஃபீலியா ஒரு வாய் குடித்தாள்.

“மன்னிச்சிருந்தா அறைஞ்சிருப்பேன்டி.”