மூன்றாவது ஸ்பூன்

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு அந்தப் பயிற்சி மையத்தில் இப்படித்தான் பாடம். கண்ணைக் கட்டி, டீச்சர் நாக்கில் ஒரு ஸ்பூன் வைப்பார். என்னவென்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ‘சால்ட்’, ‘ஜிஞ்சர்’ என்று பூங்கோதை டக்கென்று சொல்லிவிட்டாள்.

மூன்றாவது ஸ்பூன், நார்த்தங்காய் ஊறுகாய். வெந்தயம் கருகிக் கசந்தது. போன வாரம் அவளே கருகவிட்ட வெந்தயம். அந்த ஜாடி வீட்டில் இருக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். இடுப்பைத் தடவிப் பார்த்தாள். சாவி இருந்தது.

“டீச்சர், இத எங்கேருந்து எடுத்தீங்க?”

“இங்கிலீஷ்ல கேளும்மா.”

அவளுக்கு அது தெரியவில்லை. அடுத்த ஸ்பூன் உதட்டைத் தொட்டது. மகளுக்கு மூடி வைத்துவிட்டு வந்த கஞ்சி. யாரோ அதைச் சூடாக்கியிருந்தார்கள்.