வாசலோரப் பை

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வழக்கு வைத்தவன் என் அண்ணன். கண்டியில், மஹய்யாவ வீடு அம்மா பெயரில் இருந்தது. அதை விற்க அவள் சம்மதிக்கவில்லை.

அம்மா எப்போதும் வாசலோரம் ஒரு பையைக் கட்டி வைத்திருப்பாள். அதுதான் அண்ணனின் சாட்சியம்.

"பை எதுக்கு?" என்று நீதிமன்றம் நியமித்த டாக்டர் கேட்டார்.

"போறதுக்குங்க."

"எங்க?"

"தெரியாதுங்க."

"எப்ப?"

"அவங்க வந்தா."

"யாரு வந்தா?"

அம்மா அவரைப் பரிதாபத்தோடு பார்த்தாள். அண்ணன் சொன்னபடியே டாக்டர் எழுதிவிட்டார்.

நானே பாதுகாவலராக இருக்கிறேன் என்று நீதிமன்றத்தில் சொன்னேன். நான் மகள், பட்டதாரி. கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டார்கள். ஆகவில்லை. உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு சபாரத்தினத்தை நியமித்தார்கள். ஏற்கெனவே ஐந்து பேருக்கு அவர்தான் பாதுகாவலர். அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் கோட் போட்டிருந்தார்.

இனி அவர் கையெழுத்தில்லாமல் அம்மா யாருக்கும் ஒரு கரண்டியைக்கூடக் கொடுக்க முடியாது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று ஜூன். அடுத்த மாதம் தமிழர் வீடுகளைத் தேடி அவர்கள் தீப்பந்தங்களோடு வந்தார்கள்.

அகதி முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தில், பையோடு வந்த அம்மாவைத் தவிர எல்லோரும் கட்டிய துணியோடு நின்றோம். சபாரத்தினம் குளித்துக்கொண்டிருந்தபோதே ஓடி வந்தவர். இடுப்பில் ஈரத் துவாய் மட்டும்.

"இங்கயிருந்து எங்க போவீங்க?" என்று பதிய வந்த அதிகாரி கேட்டார்.

"தெரியாது ஐயா" என்றார் சபாரத்தினம்.

பிறகு மெல்ல அம்மாவிடம் வந்தார். "அம்மா, பைக்குள்ள உடுக்க ஒரு சாரம் இருக்கோ?"

"எங்க வீட்டுக்காரரோடது ரெண்டு இருக்குங்க" என்றாள் அம்மா. "ஆனா, நான் எடுத்துக் கொடுக்க உங்க கையெழுத்து வேணுமே. பேனா இருக்குங்களா?"