அந்தோனியார் வண்டிக்கு ஒரு கொளுக்கி

"ஐயா, அந்தக் கொளுக்கிய நீங்க செய்யக் கூடாது."

காருக்கு அடியிலிருந்து இரண்டு சப்பாத்துகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவை தோட்டத்து மருந்துச்சாலை அப்போத்திக்கரி வின்சன்டுடையவை.

"யாரு, சுவக்கினா? இந்த இரும்பக் கொஞ்சம் பிடி."

சுவக்கின் பிடித்தான். சண்டைக்கு வந்தவன் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவனுக்கே அவமானமாக இருந்தது. ஆனால் தோட்டத்து ஆளிடம் மருந்து கொடுக்கிற ஐயா "பிடி" என்றால் கை தானாகப் போய்விடுகிறது.

அந்தோனியார் திருநாளில் சுரூபத்தைத் தோளில் சுமந்து, கடைத்தெருவைச் சுற்றி, கோயில் மேட்டில் ஏற்றுவது தோட்டத்து ஆட்களின் உரிமை. இந்த வருஷம் அது போய்விட்டது. சோடித்த தள்ளுவண்டியில் சுரூபத்தை வைத்து, அதை வின்சன்டின் கார் இழுக்கும் என்று கோயில் சபைத் தலைவர் திருச்செல்வம் தீர்மானம் போட்டுவிட்டார்.

மலேரியாவில் இளைத்த சனத்தின் தோள் நோகக் கூடாது என்பது கூட்டத்தில் சொன்ன காரணம். கண்டியிலிருந்து வரும் பெரிய மனிதர்களுக்கு இவர்களின் வேர்வை நாறும் என்பது கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கையில் சொன்ன காரணம்.

காரும் லேசுப்பட்டதல்ல. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் மலிவாக வாங்கிய, இரண்டு சீட்டுப் பழைய ரேஸ் கார். ஓட்டத்தைவிடச் சத்தம் அதிகம். பின்பக்கம் தோணி மாதிரிக் கூராக முடியும். எதையும் கொளுவ இடமில்லை. வின்சன்ட் வால் தகரத்தை வெட்டினார். மாட்டு வண்டிப் பட்டா இரும்பை வளைத்து உள்சட்டத்தில் முறுக்கினார். நுனியில் ஒரு வளையம். வண்டியின் ஏர்க்காலை அதில் பொருத்தி, மேலிருந்து ஒரு கம்பி முளையை இறக்கினால் வேலை முடிந்தது.

"ஐயா, எம் புள்ள கத்தரீனா காய்ச்சல்ல கெடந்தப்ப நேர்த்தி வச்சேன். பொழச்சா அந்தோனியார என் தோள்ல தூக்கி மேட்டுல ஏத்துறேன்னு. புள்ள பொழச்சிருச்சு."

"தெரியும். நான்தானே கொய்னா குடுத்தேன்."

"நேர்த்தியச் செய்யலைன்னா, குடுத்தவரு திருப்பி எடுத்துக்குவாரு ஐயா."

காருக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது.

"சபைத் தீர்மானம், சுவக்கின். அந்த முறுக்காணிய எடு."

சுவக்கின் எடுத்துக் கொடுத்தான். இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று அன்றைக்கே முடிவு கட்டினான்.

வின்சன்ட் வண்டி நிறையக் கருங்கல் ஏற்றி, மேட்டில் இழுத்துப் பார்த்தார். கொளுக்கி அறுந்து போக வேண்டும் என்று சுவக்கின் அந்தோனியாரிடமே மன்றாடினான். அவரும் கேட்கவில்லை. கொளுக்கி இம்மியும் அசையவில்லை.

"தோட்டத்து லயத்துல பொறந்தவனா இருந்தா நேர்த்தின்னா என்னான்னு தெரியும்," என்று சுவக்கின் போகிற இடமெல்லாம் சொன்னான். வின்சன்டின் காதிலும் அது விழுந்தது. அவர் மறுபடியும் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

திருநாள் அன்று கார் முன்னே போயிற்று. வின்சன்டுக்குப் பக்கத்துச் சீட்டில் திருச்செல்வம், கோட்டும் தொப்பியுமாக. பின்னால் வண்டியில் அந்தோனியார். அதற்கும் பின்னால் சுமக்க ஒன்றுமில்லாமல் சுவக்கினும் மற்ற ஆட்களும்.

மேட்டடியில் கார் நின்றது.

"இன்ஜின் சுட்டுப்போச்சு. கொஞ்சம் ஆறட்டும்," என்றார் வின்சன்ட். இறங்கினார். வண்டி பின்னால் உருளாமல் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். பின்பக்கம் குனிந்து எதையோ பார்த்தார். ஏறி உட்கார்ந்து காரைக் கிளப்பினார்.

கல்லை எடுக்கவில்லை.

கார் பாய்ந்தது. அந்தோனியார் நின்ற இடத்திலேயே நின்றார். "ஐயா! ஐயா!" என்று சனம் கத்தியது. அந்தக் காரின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? திருச்செல்வத்தின் தொப்பி மட்டும் வளைவு வரைக்கும் தெரிந்தது.

ஊர்வலத்தோடு வந்த கோயில் சுவாமியார் வண்டியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். தூறல் தொடங்கியிருந்தது.

"அந்தோனியார் நடுரோட்டில நிக்கலாமா? தூக்குங்க."

சுவக்கின்தான் முதலில் தோள் கொடுத்தான். மேடு முழுக்க அழுதுகொண்டே ஏறினான்.

மேலே கண்டிப் பெரிய மனிதர்களின் முன்னால் திருச்செல்வம் துள்ளிக்கொண்டிருந்தார்.

"கல்லை எடுக்க மறந்த மனுசன்! நீரும் உம்மட கொளுக்கியும்! இனி உம்மட கார் கோயில் பக்கம் வரப்படாது, சொல்லிப்போட்டன்!"

"சரி," என்றார் வின்சன்ட்.

சுரூபத்தை இறக்கிவிட்டு வந்த சுவக்கினுக்கும் சும்மா போக மனமில்லை.

"அந்தோனியாரே உங்க காரு வேணாம்னுட்டாரு ஐயா."

"ஆமாப்பா, பார்த்தேன்."

அடுத்த கிழமை சுவக்கின் அதே மேட்டில் இறங்கி வந்தபோது எதிரே அந்த ரேஸ் கார் உறுமிக்கொண்டு ஏறியது. பின்னால் அதே தள்ளுவண்டி, அது நிறைய மருந்துச்சாலைக்குச் செங்கல். கார் அவன் பக்கத்தில் நின்றது.

"கொளுக்கிய எப்ப ஐயா ரிப்பேர் பண்ணீங்க?"

"அது எங்க உடைஞ்சது, ரிப்பேர் பண்ண?"

சுவக்கினுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"அப்ப மொதல்லயே மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே ஐயா? ஊரே உங்களத் திட்டுச்சே. நானும் திட்டினேனே."

"நான் மாட்டேன்னு சொன்னா தலைவர் அக்குறணையில லொறி பிடிச்சிருப்பார்," என்றார் வின்சன்ட், கியரைப் போட்டபடி. "லொறிக்காரன் மேட்டடியில இறங்கி முளைய உருவுவானா?"