மிளகுக்கு யாரைப் பிடிக்கும்?

குளியலறைக் கதவுக்கு வெளியே மிளகு காதை விடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே கணவன் குளித்துக்கொண்டிருந்தான். அவன் வெளியே வருகிறவரை அது அந்த இடத்தை விட்டு நகராது என்று மனைவிக்குத் தெரியும். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மிளகு, இங்க வாடா செல்லம். அம்மாகிட்ட வா.”

மிளகு ஒரு காதை மட்டும் அவள் பக்கம் திருப்பியது. கண் கதவிலேயே இருந்தது.

நாய் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். கணவனுக்கு பேக்கரியில் இரவு வேலை. தையல் மெஷினோடு தனியாகக் கிடக்கிறவளுக்கு ஒரு துணை வேண்டாமா? அதுவரை ஒரு கோழிக்குஞ்சுகூட வளர்த்தறியாதவள், நாய்ப் பண்ணைக்குப் போய், இருந்ததிலேயே மிடுக்கான கறுப்பு நாயைக் கைகாட்டினாள்.

பண்ணைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “இது காவல் வேலைக்குன்னே வளர்க்கிற வம்சம்மா. முதல் தடவையா நாய் வளர்க்கிறவங்களுக்குச் சரிப்பட்டு வராது. நாம வேலை சொல்லிக் கொடுக்கலேன்னா, அதுவா ஒண்ணைத் தேடிக்கிட்டு நம்ம உயிரை எடுக்கும்.”

“அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லி அழைத்து வந்துவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பார்த்துக்கொண்டாள். சோறு வைப்பது அவள், குளிப்பாட்டுவது அவள், மழை பெய்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடத்திக் கூட்டிப்போவதும் அவள்தான்.

அந்த நன்றிகெட்ட ஜென்மம் சுற்றிச் சுற்றி வந்ததோ, அதற்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடாத கணவனை! அவன் சமையலறைக்குப் போனால் அதுவும் போனது. அலமாரியைத் திறந்தால் எழுந்து வந்து பக்கத்தில் நின்றது. அவன் டி.வி.யைப் பார்த்தான், அது அவனைப் பார்த்தது.

அவனுக்கோ தலைகால் புரியவில்லை. “கண்ணை எடுக்குதா பாரேன்! என்ன பாசம், என்ன பாசம்! நல்லவங்க யாருன்னு நாய்க்கு ஆளைப் பார்த்ததுமே தெரிஞ்சிடும்.”

“பன் வாசனையோட வர்றீங்க, அதான். நாளையிலேருந்து நானும் ரெண்டு பன்னைக் கழுத்துல கட்டிக்கிட்டுத் திரியறேன்.”

“பொறாமை!” என்று அவன் சிரித்தான்.

பொறாமைதான், இல்லையென்று யார் சொன்னது? கட்டின புருஷனையே சக்களத்தியாகப் பார்த்த பெண் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் பண்ணைக்காரருக்கு போன் போட்டுவிட்டாள்.

அவர் வேனை வாசலில் நிறுத்திவிட்டு, கையில் சங்கிலியோடு உள்ளே வந்தார். மிளகு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து அவரை முகர்ந்தது. பிறகு திரும்பிப் போய், வாலைக் கீழே போட்டுக்கொண்டு கணவனுக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டது.

“நான்தான் அப்பவே சொன்னேனேம்மா.”

“சொன்னீங்க, நான்தான் கேக்கல. கூட்டிட்டுப் போயிடுங்க.” சொல்லிவிட்டு அவள் மிளகைப் பார்த்தாள். “இதை விட்டுட்டு இருக்கவும் முடியாது எனக்கு. ஆனா, எம்மேல துளி பாசம் இல்லாததைக் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டுத் தினம் வயிறெரிஞ்சு சாக முடியலைங்க. நாங்க பக்கத்துல பக்கத்துல உக்காந்தாக்கூட நடுவுல வந்து நுழையுது!”

பண்ணைக்காரர் புருவத்தை உயர்த்தினார். “அப்படியா? தம்பி, கொஞ்சம் அவங்க பக்கத்துல போய் உக்காருங்க, பார்ப்போம்.”

கணவன் ராஜா மாதிரி நடந்துபோய் சோபாவில் உட்கார்ந்து, மனைவியின் தோளில் கையைப் போட்டான். அடுத்த நொடியே மிளகு இருவருக்கும் இடையில் புகுந்தது. முதுகை அவள் முழங்காலில் அழுத்திச் சாய்த்துக்கொண்டு, முகத்தை அவனுக்கு நேராக வைத்துக்கொண்டது.

“பார்த்தீங்களா? எனக்கு முதுகு, அவருக்கு முகம்! எப்பவும் இதே கதைதான்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பண்ணைக்காரர் கொஞ்ச நேரம் மிளகையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமா தம்பி, நீங்க வேலை முடிஞ்சு எப்ப வருவீங்க?”

“விடியறதுக்கு முன்னாடி வந்துடுவேன். இவ தூக்கம் கெட்டுடக் கூடாதேன்னு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, பின்கதவு வழியா, லைட்டுகூடப் போடாம பூனை மாதிரி வருவேன்.” கணவன் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னான். “இவ அசந்து தூங்கிக்கிட்டிருப்பா. இதுதாங்க பாவம், கண்ணு முழிச்சுக் காத்துக்கிட்டிருக்கும்!”

பண்ணைக்காரர் சங்கிலியைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு பெரும்பாடாக இருந்தது.

“என்னங்க, கூட்டிட்டுப் போகலையா?” என்றாள் அவள்.

“எதுக்கும்மா? அவரைத் திருடன்னு நினைச்சு, அது உங்களுக்குக் காவல் நிக்குது!”